மூட்டத்துக்குள் எட்டு நிமிடம்

அஜந்தன்: ...இல்ல, நகராத. விசில் அடிச்ச எடத்துலயே நிக்கச் சொல்லிட்டாரு ரெஃபரி.

ஹஸன்: நிக்கிறன் அண்ணே.

அஜந்தன்: ஆமா, நிக்கிறதுக்கு ஒனக்கு சொல்லித் தரவா வேணும்? பத்து மேட்சா அதத்தான செய்ற.

ஹஸன்: ஏசாதீங்க. இண்டைக்கு இன்னும் ஒரு கோலும் விழ இல்ல தான?

அஜந்தன்: அட, வாய வச்சிகிட்டு சும்மா இருடா! கண்ணு பட்டுரும். ஒண்ணுக்கு சைபர். இந்த வருஷத்துல நம்ம தோட்டம் முன்னுக்கு நிக்கிறது இதான் மொதத் தடவ. இன்னும் எட்டு நிமிஷம். எட்டே நிமிஷம்... அதுக்குள்ள இந்தப் பாழாப்போன மூட்டம் எறங்கிரிச்சு.

ஹஸன்: எப்பிடி எறங்கிச்சு?

அஜந்தன்: எப்பிடின்னா? நீயும் இங்கதான நிக்கிற!

ஹஸன்: சும்மா செல்லுங்களே. கேக்க ஆசையா ஈக்கி.

அஜந்தன்: நல்ல ஆச. மேல தேயில மலையில இருந்து, அடுப்புல பால் பொங்கி வழியிற மாதிரி வழிஞ்சு வந்திச்சு. மொதல்ல கோயில் போச்சு. பெறகு காலையில ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்களம் போச்சு, வேடிக்க பாக்க வந்த சனம் போச்சு. பெறகு நம்ம ஃபோர்வர்டு பயலுக ஒவ்வொருத்தனா போனானுக. கடைசியா ஒனக்கு முன்னால நின்ன யட்டியாந்தோட்டைக்காரன் போனான். இப்ப பத்தடிக்கு அங்கிட்டு ஒலகமே இல்ல. நீ, நான், ரெண்டு கோல் கம்பம்.

ஹஸன்: ஷோக்கா ஈக்கி.

அஜந்தன்: என்னா?

ஹஸன்: ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்காம... எல்லாம் வெள்ளையா. கிரவுண்டுல நிக்கக்குள்ள எனக்கு நெஞ்சு அடிக்காம ஈக்கிறது இப்பதான்.

அஜந்தன்: உண்மைய சொல்லப்போனா எனக்கும்தான்டா. விடிகாலையில பால் வெட்டப் போவேன்ல, ரப்பர் மலைக்கு? இதே மாதிரித்தான் இருக்கும். கிட்டக்க போனாத்தான் அது மரம். கங்காணி இல்ல, தொரை இல்ல. பட்டையில கத்தி ஓடுற சத்தம் மட்டும். அந்த நேரத்துல சொந்தக்காரன் மாதிரி வெட்டுவேன். வெளிச்சம் வந்ததும் கூலிக்காரனாயிருவேன்.

ஹஸன்: புக வாசம் வருது.

அஜந்தன்: ரப்பர் ஸ்டோர்ல ஷீட் காயுது. ...டேய், அங்க யாரு பாடுறது?

ஹஸன்: அவங்கட கீப்பர். பயத்துல பாடுறாரு.

அஜந்தன்: பாடட்டும். எட்டு நிமிஷம் இப்பிடியே பாடிகிட்டு இருந்தா நமக்கு நல்லது.

ஹஸன்: மூட்டம் போகாட்டி, அண்ணே?

அஜந்தன்: போகாட்டி மேட்ச் கேன்சல். இன்னொரு நாளைக்கு மொதல்ல இருந்து ஆடணும். சைபருக்கு சைபர்.

ஹஸன்: அப்ப வேன்?

அஜந்தன்: ...வேனப் பத்தி ஒனக்கு யாரு சொன்னா?

ஹஸன்: சின்னம்மாக்கா. காலையில முட்ட அவிச்சு தரக்குள்ள அழுதாங்க.

அஜந்தன்: அந்தப் பொம்பள வாயில ஒண்ணும் தங்காது. ஆமாடா, கீழ ரோட்டுல நிக்குது. ஏழுமலைத் தலைவரு முடிவா சொல்லிட்டாரு. இன்னைக்கு ஜெயிச்சா இருக்கலாம். தோத்தாலும் சரி, கேன்சலானாலும் சரி, காசு குடுத்து கொண்டாந்த டிஃபென்ஸ் நாலு பேரும் பெட்டியக் கட்ட வேண்டியதுதான். புவாட் மாவனல்லையில எறங்குவான், நீ கேகாலையில.

ஹஸன்: அவருல பிழ இல்ல.

அஜந்தன்: அவருல எப்பிடிடா பிழ இருக்கும்? காசு சேக்க லயம் லயமா, வீடு வீடா ஏறி எறங்கினாரு மனுஷன். குடும்பத்துக்கு ஒரு நாள் பேரு, ஒரு நாள் கூலி, குடுத்தோம். இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு லைட் சோடன இல்ல, கரகாட்டம் இல்ல. அம்மா தீப்பந்த வெளிச்சத்துல சுத்தி வந்தா. எல்லாம் ஒங்க நாலு பேரு காலுக்குத்தான்! புள்ளக்காம்பராவ காலி பண்ணி ஒங்களப் படுக்க வச்சிருக்கோம். தொட்டில்ல கெடந்த புள்ளைங்க கோயில் மண்டபத்துல தூங்குது.

ஹஸன்: தெரியும் அண்ணே.

அஜந்தன்: தெனம் ஆளுக்கு மூணு முட்ட! முந்தி நம்ம பயலுகதான் டிஃபென்ஸ்ல நின்னானுக. பால் வெட்டிட்டு, வாளிய வச்சிட்டு, நேரா வந்து வெறுங்காலோட நிப்பானுக. தினேஷ் நின்னுகிட்டே தூங்குவான். மேட்சுக்கு ரெண்டு கோல் விழும். தூங்கினதுக்கு ரெண்டு. முட்ட குடுத்து முழிக்க வச்சதுக்கு நாலு!

ஹஸன்: போன மேட்ச் அஞ்சு.

அஜந்தன்: அத நான் மறந்திருந்தேன். ஞாபகப்படுத்தினதுக்கு ரொம்ப நன்றி.

ஹஸன்: ஷ்ஷ்... ஒருத்தர் வாறாரு.

அஜந்தன்: எங்க?

ஹஸன்: ஒங்கட எடது பக்கம். இல்ல... ஒருத்தர் இல்ல. நாலு கால்.

அஜந்தன்: பயமுறுத்தாதடா.

ஹஸன்: மாடு. வகுறு கனத்த மாடு. அசஞ்சு அசஞ்சு வருது, பின்னங்கால இழுக்குது. ரெண்டு மூணு நாள்ல கண்டு போடும்.

அஜந்தன்: எனக்கு ஒண்ணும்... அட! ஆமாடா, இந்தா மூஞ்சி தெரியுது. கணக்குப்பிள்ள வீட்டு மாடு. ஹேய், போ! ஹேய்! கோலுக்குள்ள போகுதுடா!

ஹஸன்: விடுங்க. இண்டைக்கு உள்ளுக்கு போனது அது மட்டும்தான்.

அஜந்தன்: வலைய மேயப் பாக்குது. போ... போ சனியனே. ...அப்பாடா, போயிரிச்சு.

ஹஸன்: கீழ் பக்கமா போகுது. ஓடையப் பாத்து.

அஜந்தன்: ...ஹஸன்.

ஹஸன்: ம்ம்.

அஜந்தன்: நான் மாட்ட பாக்கிறதுக்கு முன்ன நீ அதக் கேட்ட. ஒன்னத் தெரிஞ்செடுத்த அன்னைக்கும் இப்பிடித்தான்ல? தை மாசம். இதே கிரவுண்டு, இதே மூட்டம். பதினாலு பேரு வந்திருந்தானுக. எல்லாவனும் முட்டி மோதிகிட்டு நின்னான். நீ மட்டும், பந்து எங்க வந்தாலும் அங்க நிக்கிற. பதினோரு பந்து, நான் எண்ணினேன். தலைவரு தொறந்த வாய மூடல. நான்தான் முந்திகிட்டு சொன்னேன், ‘தலைவரே, இவன விட்டுறாதீங்க. இவன எடுத்தா கோல் கம்பத்துல நாம துணி காயப் போடலாம்’னு.

ஹஸன்: நீங்களா செல்லீக்கிறீங்க?

அஜந்தன்: நானேதான். இவன எடுக்கச் சொன்னது எவன்னு தோட்டமே இப்ப தேடிகிட்டு இருக்கு. பெரட்டுல தெனம் இதே பேச்சு. தலைவரும் காட்டிக் குடுக்கல, நானும் வாயத் தொறக்கல.

ஹஸன்: அப்ப சனம் ஒங்களயும்...

அஜந்தன்: என்னய விடு. கேக்கிறதுக்கு பதில் சொல்லு. அதுக்குப் பெறகு பத்து மேட்ச். பத்தும் நல்ல வெயில்ல. பத்துலயும் நீ மரம். தெரணியகலையில மூணு தடவ லைன்ஸ்மேனுக்கு பாஸ் குடுத்த. மரியாதையா, அவரு கால்ல கொண்டு போய் வச்ச.

ஹஸன்: அவரும் மஞ்சச் சட்டதான போட்டிருந்தாரு...

அஜந்தன்: கையில கொடி வச்சிருந்தாருடா! கோர்னர் கொடிய பத்து நிமிஷம் மறிச்சுகிட்டு நின்ன. அது எங்கயும் ஓடல. அதுல மட்டும் ஒனக்கு வெற்றி.

ஹஸன்: சிரிக்காதீங்க அண்ணே.

அஜந்தன்: நான் சிரிக்கல. இங்க பாரு. எத்தன வெரலு?

ஹஸன்: மூட்டத்துல எப்பிடி தெரியும்?

அஜந்தன்: ஒன் மூஞ்சி எனக்கு தெரியுது. மீச அரும்பினது கூட தெரியுது. எத்தன?

ஹஸன்: ...ரெண்டு?

அஜந்தன்: கைய மூடி வச்சிருக்கேன்டா.

ஹஸன்: யா அல்லாஹ்.

அஜந்தன்: எவ்வளவு தூரம் தெரியும் ஒனக்கு?

ஹஸன்: ஆறடி. அதுக்கு அங்கால இதுதான். வெயில் அடிச்சா கலர் கலரா மூட்டம், மழ பேஞ்சா வெள்ள மூட்டம். மத்தவங்களுக்கு எப்பாச்சும் எறங்குறது எனக்கு தெனமும் ஈக்கி.

அஜந்தன்: கண்ணாடி இல்லியா?

ஹஸன்: பேக்ல ஈக்கி, சாரத்துல சுத்தி. ஸ்கூல் டீமுக்கு அதப் போட்டுட்டு போனன். மாஸ்டர் பாத்துட்டு தண்ணி போத்தல் தூக்க விட்டாரு. மூணு வருஷம் தூக்கினன்.

அஜந்தன்: காது மட்டும் எப்பிடி இப்பிடி...

ஹஸன்: கேகாலை பஸ் ஸ்டாண்ட்ல தான வாப்பாட கட. பஸ்ஸுட போர்டு எனக்கு தெரியா. கியர் மாத்துற சத்தம் கேட்டே செல்லுவன், இது ரத்னபுர, இது யட்டியாந்தோட்ட, இதுட பிரேக் இன்னும் ஒரு கெழம தாங்காதுன்னு. சனம் எனக்கிட்ட கேட்டுத்தான் ஏறும்.

அஜந்தன்: திருவிழாவுல எனக்குப் பக்கத்துலதான நின்ன. அம்மா வந்ததையும் பாக்கலியா?

ஹஸன்: பாத்தன். பந்தம் எல்லாம் பெரிய பெரிய செவ்வரத்தம்பூவா வந்திச்சு. நடுவுல ஒரு வெளிச்சம் ஆடி ஆடி போச்சு. நீங்க எல்லாரும் லைட் சோடன இல்லன்னு கவலப்பட்டீங்க. எனக்கு அதவிட ஷோக்கா ஒண்டு வேணுமா அண்ணே? கனவுல மட்டும் எனக்கு எல்லாம் தெளிவா தெரியும். ஒவ்வொரு எலயும். பந்து அங்க தூரத்துல ஒருத்தன்ட கால்ல இருந்து கெளம்புறது, அதுல ஒட்டின சேறு, எல்லாம். கனவுல நான் ஒரு கோலும் விட்டதில்ல.

அஜந்தன்: இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, படுபாவி?

ஹஸன்: செல்லத்தான் போனன். வந்த அண்டைக்கே, தலைவர்ட வீட்டுக்கு. வாசல்ல சின்னம்மாக்கா கூப்பிட்டு ஒரு சட்டியக் காட்டினாங்க. புதுச் சட்டி. ‘இது ஒனக்கு மட்டும் தம்பி, இதுல நாங்க வேற ஒண்ணும் சமைக்க மாட்டோம், நீ யோசிக்காம சாப்பிடு’ன்னாங்க. அதப் பாத்த பொறகு எனக்கு வாய் வர இல்ல. எனக்குன்னு ஒருத்தரும் அப்பிடி ஒண்டு எடுத்து வச்சதில்ல அண்ணே. ஏசுங்க.

அஜந்தன்: ஏசத்தான் வார்த்த தேடுறேன். கெடைக்க மாட்டேங்குது.

ஹஸன்: இந்தத் தோட்டத்த விட்டு போக எனக்கு விருப்பமில்ல.

அஜந்தன்: அழாதடா. ஸ்டொப்பர் அழக்கூடாது.

ரெஃபரி: கோல்கீப்பர் மல்லி! ஓய், கோல்கீப்பர் தம்பி!

அஜந்தன்: சேர்!

ரெஃபரி: நான் நடுவுல நிக்கிறது! அந்தப் பக்கம் போஸ்ட் பேனவாத? தெரியுதா? தெரியாது சொன்னா மேட்ச் நிப்பாட்டுறது, ஹரித? சரியா?

ஹஸன்: தெரியான்னு செல்லிருங்க அண்ணே. போதும்.

அஜந்தன்: ஷ்ஷ். ...தெரியுது சேர்! நல்லா தெரியுது!

ஹஸன்: அண்ணே!

அஜந்தன்: போஸ்ட் மட்டுமில்ல சேர், வலையில இருக்கிற ஓட்டையும் தெரியுது!

ரெஃபரி: நம்பர் ஃபைவ்! ஒங்களுக்கும் தெரியுதா?

அஜந்தன்: சொல்லு. சொல்லுடா.

ஹஸன்: ...தெரியுது சேர்.

அஜந்தன்: என்னா அழகா வருது பொய்!

ஹஸன்: சின்ன வயசுல இருந்து செல்ற ஒரே பொய் இதுதான்.

ரெஃபரி: ஹரி ஹரி. மத்த கீப்பரும் தெரியுது சொல்றது. அப்ப எட்டு நிமிஷம். ப்ளே!

அஜந்தன்: பாத்தியா, அவனும் புளுகுறான். அவனுக்கு கோல் வேணும். நமக்கு மூட்டம் வேணும்.

ஹஸன்: நமக்கு எதுக்கு மூட்டம்?

அஜந்தன்: மண்டு, மண்டு! இந்தக் கிரவுண்டுல இப்ப இருபத்திரெண்டு பேருக்கு கண்ணு தெரியாது. அதுல இருபத்தோரு பேருக்கு அது பழக்கமில்ல.

ஹஸன்: ...ஓ.

அஜந்தன்: ஆ, இப்பதான் வெளங்குது. கேளு. தூரத்தப் பாக்கப் போயித்தான் நீ கெட்ட. கண்ண சுருக்கிச் சுருக்கிப் பாக்கிற, அதுக்குள்ள அவன் ஒன்னத் தாண்டிர்றான். இனி தலையத் தூக்காத. ஒன் காலடி, ஆறடி. அத மட்டும் பாரு. மத்தத காது பாத்துக்கும். என்னா நடந்தாலும், எவன் கூப்பிட்டாலும், நான் சொல்ற வரைக்கும் நிமிரக் கூடாது. சத்தியம் பண்ணு.

ஹஸன்: சத்தியம்.

அஜந்தன்: அம்மா தாயே... விசில் அடிச்சிட்டாரு.

ஹஸன்: வருது.

அஜந்தன்: எங்கிட்டு?

ஹஸன்: வலது பக்கம். ஈரப் புல்லுல பந்து, சீல இழுபடுற மாதிரி. ரெண்டு பேர். ஒருத்தன் மூச்சு வாங்குறான், அவன் குடுத்துருவான். மத்தவன் பத்தாம் நம்பர். அவன்ட வலது பூட்ஸ்ல ஆணி ஒண்டு கொறவு, தட்டுத் தட்டுன்னு நொண்டும்... குடுத்துட்டான். இந்தா!

அஜந்தன்: எடுத்தியா? ஹஸன்! எடுத்தியாடா?

ஹஸன்: எடுத்து வெளிய அடிச்சன்.

அஜந்தன்: என் ராசா! நிமிராத!

ஹஸன்: புவாட் நானா! ஒங்கட பொறத்தால ஒருத்தன் பதுங்குறான், மறிங்க!

அஜந்தன்: ஓடுறான்டா புவாட்... நீ சொன்ன எடத்துலயே நிக்கிறான் அவன்! மறிச்சிட்டான்! ஒனக்கு கோயில் கட்டணும்டா!

ஹஸன்: அது எப்பிடி ஒங்களுக்கு தெரிஞ்சது?

அஜந்தன்: கேட்டேன். நானும் கேக்கப் பழகிட்டேன். குனி, குனி.

ஹஸன்: எடதுல வாறான். தனியா. இவன் பந்த தூரமா தட்டிட்டு ஓடுற ஆள்... தட்டிட்டான்... எனக்கு கிட்ட... ம்ம்.

அஜந்தன்: ம்ம்னா?

ஹஸன்: பந்து எனக்கிட்ட ஈக்கி. தினேஷுக்கு குடுக்கவா? அவர் நடுவுல கொட்டாவி விடுறாரு.

அஜந்தன்: குடு! அவன் முழிச்சிக்குவான்!

ஹஸன்: ...சனம் ஏன் இப்பிடிக் கத்துது?

அஜந்தன்: மாடு மறுபடியும் எறங்கியிருக்கும். பந்தக் கேளு.

ஹஸன்: கழுத்து சுடுது அண்ணே.

அஜந்தன்: ஓடுற ஒடம்பு சுடத்தான் செய்யும்.

ஹஸன்: புல்லெல்லாம் மின்னுது.

அஜந்தன்: ஈரம்டா! ஆடுறியா, இல்ல புல்ல எண்ணுறியா? ...கோர்னர். கடைசி நிமிஷம். கோர்னர் குடுத்துட்டாரு.

ஹஸன்: கோர்னரா? மேல வாற பந்துக்கு சத்தமில்லையே அண்ணே!

அஜந்தன்: தெரியும்.

ஹஸன்: நான் என்ன செய்யிற?

அஜந்தன்: ...எனக்குத் தெரியலடா. உண்மையா தெரியல. நிமிர மட்டும் நிமிராத.

ஹஸன்: பேசாதீங்க. ஒருத்தரும் பேசாதீங்க... பத்தாம் நம்பர் எங்க... தட்டு... தட்டு... அவனுக்கு பந்து தெரியும் தான? பந்து வாற எடத்துக்குத்தான அவன் குதிப்பான்? தட்டு... நிண்டுட்டான்... கால் தரைய விட்டுட்டு!

அஜந்தன்: ஹஸன்!

ஹஸன்: ஆ!

அஜந்தன்: பட்டிச்சா? எங்க பட்டிச்சு?

ஹஸன்: உச்சந்தலையில... யம்மா... பந்து எங்க அண்ணே? எங்க போச்சு?

அஜந்தன்: மேல... கம்பத்துக்கு மேல... வெளிய! வெளியடா! ரப்பர் காட்டுக்குள்ள போயிரிச்சு!

ரெஃபரி: இவரய், இவரய்! முடிஞ்சுது! மேட்ச் ஓவர்!

ஹஸன்: ...ஜெயிச்சமா?

அஜந்தன்: ஜெயிச்சோம். பத்து மேட்சு தோத்துட்டு ஜெயிச்சோம்டா, என் தங்கமே!

ஹஸன்: அல்ஹம்துலில்லாஹ்.

அஜந்தன்: தலைவரு வேட்டிய மடிச்சுக் கட்டிகிட்டு ஓடியாறாரு. சின்னம்மாக்காவும் வருது, அழுதுகிட்டே.

ஹஸன்: அண்ணே, அவங்க வர முன்ன ஒண்டு செல்றன். கோவப்படாதீங்க. வேன் சும்மா போக வேணாம், நான் ஏறுறன்.

அஜந்தன்: என்னாடா ஒளர்ற?

ஹஸன்: புவாட் நானா எல்லாரும் ஈக்கட்டும். இண்டைக்கு ஜெயிச்சது நான் இல்ல, மூட்டம். அடுத்த மேட்ச் வெயில்ல வரும், அஞ்சு கோல் விழும், ஒங்கட சனம் மறுபடியும் தல குனியும். இவ்வளவு குடுத்தவங்கள இனியும் ஏமாத்த ஏலா எனக்கு. தலைவர்ட்ட கண்ணப் பத்தி செல்லிட்டு போறன். மூட்டத்துல மட்டும் ஆடத் தெரிஞ்சவன வச்சு ஒரு தோட்டம் என்ன செய்யிற, செல்லுங்க?

அஜந்தன்: கண்ணப் பத்தி நீ சொல்லு. ஒன்ன எடுக்கச் சொன்னது நான்தான்னு நானும் சனத்துகிட்ட சொல்றேன். அதுக்கு முன்ன, நான் ஒனக்கு சொன்ன பொய்ய சொல்லிர்றேன்... தலையத் தூக்குடா, ஹஸன். நீ அந்த மொதப் பந்த வெளிய அடிச்சப்பவே மூட்டம் போயிரிச்சு. மிச்ச ஏழு நிமிஷமும் நீ நல்ல வெயில்லதான் ஆடின.